மூணு கட்டையில் ஒரு பாட்டு

குறிஞ்சிப்பாடி கல்யாண மண்டபத்தில் அந்தப் பாட்டுக்கு ஸ்டெல்லா வாயை மட்டும்தான் அசைத்தாள். குரல் ஜாஸ்பரின் பென் டிரைவிலிருந்து வந்தது.

2014, தை மாதக் கடைசி. நெய்வேலி 'வெண்பனி' மெல்லிசைக் குழு தொடங்கி இருபத்தெட்டு வருடம் ஆகியிருந்தது. கீபோர்டு ஜாஸ்பர், தபேலாவும் டோலக்கும் வாசிக்கும் தனகோட்டி, பாடகி ஸ்டெல்லா ஆகிய மூவரும் முதல் நாளிலிருந்து இருப்பவர்கள். மற்றவர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். மூவருக்கும் வேலை சுரங்கத்தில்தான். ஜாஸ்பர் எலெக்ட்ரிகல் பிரிவு, தனகோட்டி கன்வேயர் பெல்ட், ஸ்டெல்லா வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ். கல்யாணங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் சினிமாப் பாட்டு பாடிக்கொண்டே, நடுநடுவே சொந்தப் பாட்டுகளையும் பதிவு செய்தார்கள். 1987இல் போட்ட கேசட்டில் 'ரெண்டாம் ஷிப்ட்டு பஸ்ஸு' என்ற ஒரு பாட்டு பிடித்துக்கொண்டது. டவுன்ஷிப்பில் அது தெரியாத வீடு கிடையாது. அதற்குப் பிறகு நான்கு கேசட், இரண்டு சிடி போட்டார்கள். கடைசி சிடியில் ஐந்நூறு பிரதி அடித்ததில் பாதிக்கு மேல் ஜாஸ்பரின் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

முந்தைய வருடம் ஸ்டெல்லாவுக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. பேச்சுக் குரல் இரண்டு மாதத்தில் திரும்பிவிட்டது. மேல் ஸ்தாயி திரும்பவில்லை. திரும்பினாலும் திரும்பலாம், உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் முன்னமே சொல்லியிருந்தார். ஐந்தரைக் கட்டை ஸ்ருதியில் பாடிவந்த ரெண்டாம் ஷிப்ட்டை ஜாஸ்பர் முதலில் நாலரைக்கு இறக்கினார், பிறகு நாலுக்கு. அப்போதும் சரணத்தின் உச்சியில் அவள் குரல் காற்றாகப் போனது. அதனால்தான் அந்தக் கல்யாணத்தில் பழைய கேசட் பதிவையே பென் டிரைவில் ஏற்றி ஓடவிடலாம் என்று அவர் யோசனை சொன்னார்.

"ஒரே ஒரு பாட்டுக்குத்தான். யாருக்குத் தெரியப் போவுது?"

யாருக்கும் தெரியவில்லை. கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. மேடையிலிருந்து இறங்கியபோது மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி ஸ்டெல்லாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"இருவத்தேழு வருசமா அதே குரலு! கொஞ்சங்கூட மாறலியே, எப்படிங்க?"

ஸ்டெல்லா சிரித்து வைத்தாள். சாப்பிடாமலே வேனில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். மெயின் பஜார் வரை போவாள், எதுவும் வாங்காமல் திரும்புவாள். ஒரு நாள் எட்டாம் பிளாக்கையே நான்கு முறை சுற்றினாள். வீட்டில் அரிசி களைந்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்க மறந்து வாசலில் நின்றாள். அவள் கணவர் பெனடிக்ட் அனல் மின் நிலையத்தில் ஷிப்ட் பார்ப்பவர், அதிகம் பேசாதவர். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே கேட்டார்.

"ஒடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"இல்லீங்க."

"பின்ன?"

"அன்னிக்கு அந்தப் பாட்டப் பாடுனவளுக்கு இருவத்திநாலு வயசு. அவளுக்கு நான் பொம்மையாட்டம் வாயசைச்சேன். அவளத்தான் எல்லாரும் கேக்குறாங்க. எனக்கு அம்பத்தொண்ணு ஆவுது. நான் பாடுறதுக்கு ஒரு பாட்டுகூட இல்ல."

"அப்ப புதுசா போடணுங்கிற."

"ஆமா."

"போன தடவ போட்டதே கட்டிலுக்கு அடியில இருக்குன்ன."

"இருக்கட்டும்."

பெனடிக்ட் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஷிப்ட்டுக்குக் கிளம்பினார். அவர் சம்மதித்தாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுமையும் அவளுக்கு இல்லை.

ஜாஸ்பர் பிப்ரவரியோடு ஓய்வு பெற்றார். மே மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மேல்பட்டாம்பாக்கத்தில் சொந்த வீடு கட்டியிருந்தார். ஸ்டெல்லா அவரைப் பார்க்கப் போனபோது கூடமெங்கும் அட்டைப் பெட்டிகள். அவர் மனைவி ஜெயசெல்வி பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"புதுப் பாட்டா? இந்த நேரத்துலயா?" என்றார் ஜாஸ்பர். "ஸ்டெல்லா, நம்மள எதுக்குக் கூப்புடுறாங்க? பழசக் கேக்கத்தான். அதப் பாடுனா போதும்."

"அதத்தான் என்னால பாட முடியலியேண்ணா."

"அதுக்குத்தான் டிராக் இருக்குல்ல?"

"அத இனிமே போடாதீங்க."

அவர் ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டினார். அவள் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அந்தப் பெட்டியின் மேலேயே வைத்தாள். 2011 கடைசியில் அடித்த 'தானே' புயலில் அவள் வீட்டு வாசலில் இருந்த புங்கமரம் சாய்ந்துபோனது. அதிலிருந்து காலை வெயில் நேரே சமையலறை வரை வருகிறது. அதைத்தான் எழுதியிருந்தாள்.

ஜாஸ்பர் படித்தார். மீண்டும் ஒரு முறை படித்தார். "கீபோர்ட இன்னும் கட்டல," என்றார்.

தனகோட்டியைச் சம்மதிக்க வைப்பது அதைவிடக் கஷ்டமாக இருக்கும் என்று அவள் நினைத்தாள். அவருக்கு முட்டி வலி. தரையில் சம்மணம் போட முடியாது. மகள் செவ்வந்திக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவம்மா கேப்பான்?" என்றார் போனில். "நம்ம சிடிய என் வூட்லயே கேக்கறதில்ல."

"சரிண்ணா, பாட்ட மட்டும் கேளுங்க." அவள் படித்தாள். "'மரம் விழுந்த வாசலிலே வெயில் வந்து அமர்ந்திருக்கு...'"

"இரு இரு. அமர்ந்திருக்கா? எவன் அமர்ந்திருக்கான்? குந்திகினு இருக்குதுன்னு போடு."

"குந்திகினு இருக்குது," என்று அவள் சொல்லிப் பார்த்தாள். தாளம் தானாக வந்து உட்கார்ந்தது.

"அடுத்த வரி இன்னா?" என்றார் தனகோட்டி.

மே கடைசி வாரம் ஜாஸ்பரின் சாமான்கள் லாரியில் போய்விட்டன. சாவியை ஒப்படைக்க இன்னும் மூன்று நாள் இருந்தது. காலி வீட்டில் கீபோர்டு, லேப்டாப், ஒரு மைக், சுவரில் எதிரொலிக்காமல் இருக்கத் தொங்கவிட்ட நான்கு ஜமுக்காளம். மின்விசிறி சத்தம் மைக்கில் விழும் என்று நிறுத்திவிட்டார்கள். காலை பத்து மணிக்கே மூவரும் வியர்வையில் நனைந்திருந்தார்கள். தனகோட்டி கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியில் உட்கார்ந்து டோலக்கை மடியில் வைத்துக்கொண்டார்.

ஜாஸ்பர் மெட்டை வாசித்துக் காட்டினார். நல்ல மெட்டு. ஆனால் சரணம் படிப்படியாக ஏறி, ரெண்டாம் ஷிப்ட்டு ஏறிய அதே உயரத்துக்குப் போனது. ஸ்டெல்லா முயன்றாள். மூன்றாவது முறை குரல் முற்றிலும் நின்றுவிட்டது.

"அந்த எடத்த மட்டும் கம்ப்யூட்டர்ல ஏத்திக்கலாம்," என்றார் ஜாஸ்பர்.

"ஏன் ஏத்தணும்? மெட்ட எறக்குங்க."

"எறக்குனா பாட்டு செத்துப்போயிடும்."

"இதுக்கு மேல எனக்கு வராதுண்ணா! ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா உக்காந்து வாசிக்கறப்ப என் காதுல அந்தக் கொரலுதான் கேக்குது. நான் என்ன பண்ண?"

"அவ செத்துட்டான்னு நெனச்சுக்குங்க."

ஜாஸ்பர் விருட்டென்று எழுந்து வெளியே போனார். அவர் முகத்தை அவள் அப்படிப் பார்த்ததில்லை. சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தாள். ஆனாலும் பின்னாலேயே போய்ச் சமாதானம் சொல்ல மனம் வரவில்லை. பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தது. அவள் ஜமுக்காளத்தின் நூலைப் பிய்த்துக்கொண்டு அறைக்கும் கூடத்துக்குமாக நடந்தாள்.

தனகோட்டி எதையும் கண்டுகொள்ளவில்லை. டோலக்கில் இடது பக்கத்தை மட்டும் மெதுவாகத் தட்டிக்கொண்டு, தன் கரகரத்த குரலில் பல்லவியை முனகினார். பாடத் தெரியாதவர். மேலே ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல் கீழே இறங்கிவிட்டார்.

"வெயிலு வந்து... குந்திகினு... இருக்குது..."

ஸ்டெல்லா நின்றாள். அவர் இறங்கிய இடத்தில் அவளும் இறங்கிப் பார்த்தாள். அங்கே அவள் குரல் கனமாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது. இத்தனை வருடத்தில் எந்தப் பாட்டும் அவளை அந்த இடத்துக்குக் கூட்டிப் போனதில்லை.

ஜாஸ்பர் வாசற்படியில் வந்து நின்றிருந்தார். "இன்னொரு தடவ சொல்லு," என்றார். அவள் சொன்னாள். அவர் கீபோர்டில் ஸ்ருதியை இறக்கினார். நாலு, மூணு. மூணு கட்டையில் நிறுத்திக் காத்திருந்தார். சரணம் முழுக்க வேறு வழியில் போனது. மதியச் சாப்பாட்டை மறந்தார்கள். தனகோட்டிக்கு முட்டி மரத்துப்போய், இரண்டு பேர் பிடித்து வாளியிலிருந்து எழுப்ப வேண்டியிருந்தது. ஐந்து மணிக்கு ஜாஸ்பர் பதிவை ஓடவிட்டபோது மூவரும் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்கள்.

"நல்லா இருக்குதா?" என்றார் தனகோட்டி.

"தெரியல," என்றார் ஜாஸ்பர். "ஆனா நம்மகிட்ட இது மாதிரி ஒண்ணு இருந்ததில்ல."

ஜூனில் பாட்டை யூடியூபில் போட்டார்கள். இரண்டு மாதத்தில் முந்நூற்றுச் சொச்சம் முறை ஓடியிருந்தது. அதில் பல முறை கேட்டது பெனடிக்ட்தான் என்பது அவர் போனை எடுத்துப் பார்த்தபோது ஸ்டெல்லாவுக்குத் தெரிந்தது. அவரிடம் அதைப் பற்றி அவள் கேட்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு பிளாக் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு விழா. ஐந்தாவதாகப் புதுப் பாட்டைப் பாடினாள். இரண்டாவது வரியிலேயே பின்வரிசைக்காரர்கள் பஜ்ஜிக் கடைப் பக்கம் நகர ஆரம்பித்தார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். கைதட்டல் மழைத் தூறல் மாதிரி விழுந்து நின்றது. உடனே யாரோ, "ரெண்டாம் ஷிப்ட்டு!" என்று கத்தினார்கள்.

ஜாஸ்பர் அவளைப் பார்த்தார். பென் டிரைவ் கீபோர்டில் இல்லை. அவள் மைக்கை மறுபடி எடுத்தாள்.

"பாடுறேங்க. ஆனா எனக்கு இப்ப எப்படி வருதோ அப்படித்தான் பாடுவேன்."

நாலு கட்டையில் பாடினாள். உச்சிக்குப் போகாமல் அந்த வரியைப் பேசுகிற மாதிரி சொல்லி முடித்தாள். கூட்டத்தில் சிலர் முகம் சுளித்தது மேடையிலிருந்தே தெரிந்தது. சங்கச் செயலாளர் பொன்னாடை போர்த்தும்போது, "ஒடம்பப் பாத்துக்குங்கம்மா," என்றார்.

திரும்பும்போது தனகோட்டி வேனில் டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"புதுப் பாட்டுல, ரெண்டாவது சரணத்துல நான் தாளத்த முந்திட்டேன்," என்றார் தனகோட்டி திடீரென்று. "ரெக்கார்டுலயும் அப்படித்தான் முந்தியிருக்கறேன். கேட்டுகினே இருந்தேன், இன்னிக்குத்தான் புரிஞ்சுது."

"அது பரவால்ல," என்றார் ஜாஸ்பர். "கடேசி வரிதான் சரியில்ல. அங்க பாட்டு முடியல, நின்னுபோச்சு. வேற மாதிரி எறங்கணும்."

"அதத் திருப்பிப் பாடுறதா, இல்ல வேற ஒண்ணு எழுதட்டுமா?" என்றாள் ஸ்டெல்லா.

ஜாஸ்பர் தன் தொடையில் விரல்களால் எதையோ வாசித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. பெனடிக்டிடம், "சாம்பாரு ஃபிரிட்ஜில இருக்கு, சூடு பண்ணிக்குங்க," என்று சொல்லிவிட்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள். மேல்பட்டாம்பாக்கம் வழியாகப் போகும் கடலூர் பஸ் வர நேரமானது. உட்கார இடமிருந்தும் உட்காராமல், கையில் மடித்த தாளோடு நிலையத்தின் ஒரு முனைக்கும் மறு முனைக்குமாக நடந்தாள். மூன்றாவது வரியில் ஒரு சொல் இடித்துக்கொண்டே இருந்தது. தனகோட்டிக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, வெயில்ல காயப்போட்ட துணி வெரச்சுப்போயி நிக்கும்ல, அத உங்க ஊருல எப்படிச் சொல்லுவீங்க?"

"எந்தப் பாட்டுக்கு?" என்றார் அவர். "இரு, ஜாஸ்பர் வூட்டுக்குத்தான போற? நானும் வரேன். எந்த பஸ்ஸு?"