மாமா பக்கத்து ஸ்பீக்கர்

என் சகலை மேல் எனக்குப் பொறாமை. இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. என் மனைவியின் தங்கையைக் கட்டிய இரண்டே வருடத்தில் அவன் எங்கள் மாமனாரைக் கைக்குள் போட்டுக்கொண்டான். நான் பதினொரு வருடத்து மாப்பிள்ளை. அப்பா முகம் தெரியாமல் வளர்ந்தவன் என்பதால், அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்க நான் படாத பாடில்லை.

இத்தனைக்கும் நான் கார் எலக்ட்ரீஷியன். என் வண்டியில் எட்டு ஸ்பீக்கர், டிக்கியில் சோற்றுப்பானை அகலத்துக்கு ஒரு சப்-ஊஃபர். சனிக்கிழமைதோறும் மாமாவை மூட்டு வைத்தியத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். போன வருடம் வரை என் வண்டியில்தான் வந்தார். சகலை ஒரு பழைய காரை வாங்கியதும் அதில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"உங்கப்பாவுக்கு என் வண்டி கசக்குதாமா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"அந்த வண்டில நிம்மதியா இருக்குதாம். சாஞ்சு உக்காந்தா தூக்கம் வந்துடுதாம்."

"ஏன், அவன் தாலாட்டு பாடுறானா?"

"இதுக்குத்தான் உங்ககிட்ட நான் எதையும் சொல்றதில்ல" என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

அடுத்த புதன்கிழமை சகலையே காரைக் கொண்டுவந்து என் பட்டறையில் நிறுத்தினான்.

"அண்ணே, மாமா உக்கார்ற பக்கம் ஸ்பீக்கர் பாடவே மாட்டேங்குது. எப்பவாவது கரகரங்கும், அப்புறம் செத்துடும். வாங்கினதுல இருந்தே இப்படித்தான். பாவம், பாட்டு சரியா கேக்காமலே வராரு."

இந்தக் கரிசனத்தைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாவியை வாங்கிக்கொண்டு அவனை டீ குடிக்க அனுப்பினேன்.

ஸ்பீக்கர் பாடவில்லை என்றதும் புதிதாக ஒன்றை மாட்டிவிடுவது அரைகுறைகளின் வேலை. நான் முதலில் சத்தம் முழுவதையும் மாமா பக்கம் திருப்பினேன். மூச்சுப் பேச்சில்லை. கதவின் உள்பலகையைக் கழற்றி, ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் ஒரு டார்ச் செல்லைத் தொட்டுப் பார்த்தேன். டப் என்றது. ஸ்பீக்கருக்கு உயிர் இருக்கிறது, அப்படியென்றால் நோய் வயர் வரும் வழியில். மீட்டரை மாட்டி வைத்துக்கொண்டு கதவை மெதுவாகச் சாத்தினேன், திறந்தேன். பாதிக் கதவில் முள் துள்ளி எழுந்து மறுபடி விழுந்தது. கதவுக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே வயர்கள் போகும் ரப்பர் குழாயை உருவிப் பார்த்தால், மடிந்து மடிந்து ஒரு வயர் உள்ளுக்குள் அறுந்து, தலைமுடி மாதிரி ஒரே ஒரு இழை தொட்டும் தொடாமலும் நின்றது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமா சொன்ன நிம்மதி இதுதான்! அவர் காதுக்குப் பக்கத்தில் சத்தம் இல்லை, அவ்வளவுதான் விஷயம். சகலையிடம் ஒரு மண்ணும் கிடையாது. அறுந்த வயர் வாங்கிக் கொடுத்த பேரை அவன் ஒரு வருடமாகத் தின்றுகொண்டிருக்கிறான். சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

'அப்படியே விடு, மாமாவுக்கு அதுதான் பிடிக்கிறது' என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். நானா சொல்வேன்? புது வயர் போட்டுப் பற்றவைத்து, உறை மாட்டி, இழுத்துப் பார்த்துச் சரிசெய்தேன். அவ்வளவு சுத்தமாக என் சொந்த வண்டிக்குக்கூட வேலை பார்த்ததில்லை.

"பிரமாதம் அண்ணே! மாமா அசந்துடுவாரு" என்றான் சகலை.

"அசரட்டும்" என்றேன்.

அவன் போனதும் என் காரின் கதவைக் கழற்றினேன். மாமா உட்காரும் பக்கத்து ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கினேன். சப்-ஊஃபரையும் விடவில்லை. நல்ல ஸ்பீக்கரின் கழுத்தை நெரித்த ஒரே எலக்ட்ரீஷியன் நானாகத்தான் இருப்பேன்.

அந்தச் சனிக்கிழமை அவர்களைப் போகவிட்டேன். மாமாவின் காது கிழியட்டும் என்று காத்திருந்தேன். அடுத்த சனிக்கிழமை காரைக் கழுவித் துடைத்து, சகலை வருவதற்கு முன்னாலேயே மாமா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"அடடே, பெரிய மாப்ளையா!" என்றார் மாமா. "சின்ன மாப்ளே வந்துட்டு இருக்காரே?"

"அந்த வண்டில இப்ப சத்தம் தாங்காதே மாமா?" வாய் முந்திவிட்டது.

"ஆமா, போன வாரம் திடீர்னு காதுகிட்ட அலறுச்சு. ரெண்டு காதையும் பொத்திக்கிட்டேன்." அவர் சிரித்தார். "சின்ன மாப்ளே பதறிப்போய் உடனே நிறுத்திட்டாரு. 'முதல்லயே சொல்லக் கூடாதா மாமா'ன்னாரு. இனிமே நான் ஏறினா பாட்டே கிடையாதாம்."

"என்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா."

"உங்க வண்டிலயும் ஒருநாள் பொத்தினேன் மாப்ளே. நீங்க 'பேஸ் எப்படி அதிருது பாத்தீங்களா'ன்னு கேட்டுட்டு இன்னும் கொஞ்சம் கூட்டி வெச்சீங்க."

அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்கும் அந்த நாள் நினைவிருந்தது. ரசித்துத்தான் காதில் கை வைத்தார் என்று நினைத்திருந்தேன்.

தெருமுனையில் சகலையின் கார் திரும்பியது. மாமா என் தோளைத் தட்டிவிட்டுப் போய் அதில் ஏறினார். "ஸ்பீக்கர் சூப்பர் அண்ணே!" என்று சகலை ஜன்னல் வழியாகக் கத்தினான். உள்ளே பாட்டு ஓடவில்லை.

எனக்கு முன்பைவிட அதிகமாக வயிறு எரிந்தது. முன்பாவது, எல்லாம் ஒரு அறுந்த வயர் செய்த வேலை என்று நினைத்துக்கொள்ள முடிந்தது.