மேலேயிருந்து கையாட்டுவேன்

முதல் வளைவைத் தாண்டியதுமே வண்டியை நிறுத்தச் சொன்னாள் அக்கா. டிரைவர் திரும்பிப் பார்த்தான். கோட்டை, மணிக்கூண்டு, உச்சியில் காட்சிமுனை என்று பார்க்கப்போகும் இடங்களை அப்போதுதான் மனப்பாடமாக ஒப்பித்து முடித்திருந்தான். அதில் இந்த வளைவு இல்லை. ஒரு பஞ்சர் கடை, பக்கத்தில் குப்பைத் தொட்டி, இடுப்புயரத்துக்குத் தடுப்புச்சுவர், அவ்வளவுதான்.

"வாந்தி வருதாம்மா? டிக்கில கவர் இருக்கு."

"அதெல்லாம் இல்லப்பா. ஒரே நிமிஷம்."

இறங்கிப் போய்ச் சுவரருகில் நின்று, தலைக்கு மேல் கையைத் தூக்கி ஆட்டினாள். கீழே, ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்ற மாதிரியிருந்த வீடுகளுக்கு நடுவே, ஒரு மொட்டைமாடியில் மஞ்சளாக ஏதோ சுழன்றது. அவள் மறுபடியும் ஆட்டினாள். மஞ்சள் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மாடிப்படிக் கதவுக்குள் போய் மறைந்தது. அக்கா நிம்மதியாக வந்து ஏறிக்கொண்டாள்.

"என் தம்பிப்பா. பதிலுக்குக் கையாட்டினாத்தான் உள்ள போவான்."

"சின்னப் பையனா?"

"நாப்பது தாண்டியாச்சு," என்றார் முன்சீட்டிலிருந்த அவள் வீட்டுக்காரர், ஏதோ குற்றப்பத்திரிகை வாசிக்கிற குரலில்.

நாற்பது தாண்டியது உடம்புக்குத்தான். மனசு ஐந்தோ ஆறோ வயதில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டது. அம்மா கண்ணை மூடிய வாரம் ஒரு பையோடு அவள் வீட்டுக்கு வந்தவன்தான். காலையிலிருந்து ராத்திரி வரை அவன் போடும் 'அக்கா' சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத் தெருவே அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்து, இப்போது அவளைவிடப் பத்து வயது மூத்த பால்காரர்கூட அக்கா என்கிறார். இந்த ஊரில் ஒருவர் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டால் உடனே கண்ணைவிட்டுப் போய்விட முடியாது. மலைச்சாலை பாம்பாய்ச் சுருண்டு திரும்பத் திரும்ப வீட்டுக்கு எதிரிலேயே வந்து நிற்கும். அதனால் அக்காவும் தம்பியும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். போகிறவர் வளைவிலிருந்து கையாட்ட வேண்டும், இருக்கிறவர் மாடியிலிருந்து. ஆட்டிவிட்டால் 'எல்லாம் சரி, திரும்பி வருவேன்' என்று அர்த்தம். ஒரு மழைநாளில், பஸ்ஸில் யாரோடோ பேசிக்கொண்டே போனதில் அவள் மறந்துவிட்டாள். சாயங்காலம் அவள் திரும்பும்வரை அவன் மாடியிலேயே நனைந்துகொண்டு நின்றிருந்தான். நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்ததே பெரும்பாடு. அவனை மாதாமாதம் மருந்து வாங்க வீட்டுக்காரர் பஸ்ஸில் கூட்டிப்போகும்போதும் இதே கதைதான். மாடியில் அவள் கை அசைவது தெரியும்வரை பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே விட்டுத் துண்டைச் சுழற்றுவான். கண்டக்டர் கத்துவார். அவள் ஆட்டினால் சமர்த்தாகத் தலையை உள்ளே இழுத்துக்கொள்வான்.

வீட்டுக்காரர் தண்ணீர்வரி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எச்சில் கையால் காக்கை ஓட்டமாட்டார். அப்படிப்பட்டவர் போன வாரம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நாம ரெண்டு பேரும் ஒரு தனி வண்டி பிடிச்சு ஊரைச் சுத்திப் பாத்துட்டு வரலாமா?" என்று கேட்டபோது அவள் கையிலிருந்த கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். உள்ளூர் லாட்ஜுகளுக்குத் தலையணை உறை தைத்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. அவள் தைத்த உறையில் தலை வைத்துப் படுத்த ஊர்பேர் தெரியாத ஆயிரம் பேர் கோட்டையையும் மணிக்கூண்டையும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவள் பார்த்ததில்லை. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுதால் சும்மாவா அழும் என்று முதலில் தோன்றத்தான் செய்தது. பிறகு, சே, மனுஷனுக்கு வயசாகிறது, மனசு கனிந்திருக்கும், நல்லது செய்தாலும் சந்தேகப்பட்டால் எப்படி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, மத்தியானம் ஒரு எட்டு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தம்பியின் முகவாயைப் பிடித்துச் சொன்னாள்: "அக்கா அதோ அந்த மலை உச்சிக்குப் போறேன். மேலேயிருந்து கையாட்டுவேன், என்ன?" அவன் மஞ்சள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெரிய மனிதன்போலத் தலையாட்டினான்.

கோட்டையில் டிரைவர் கதை சொன்னான். அங்கே ஒரு ராஜா தன் தம்பியை இந்தக் கோபுரத்தில் அடைத்து வைத்திருந்தானாம். "ஆனா நல்ல ராஜாம்மா. கண்ணைக் குத்தல, பட்டினி போடல. அரண்மனை தெரியற மாதிரி ஒரு ஜன்னல் வச்சுக் கொடுத்தான்." நிஜமாகவா என்று அவள் கேட்டதற்குச் சிரித்தான். "எனக்கென்னம்மா தெரியும்? புதுசா கல்யாணம் ஆனவங்க வந்தா இதே ஜன்னல்ல ராணி நின்னுட்டிருந்தாள்னு சொல்லுவேன். வயசானவங்களுக்கு அண்ணன் தம்பி கதைதான் பிடிக்குது, எல்லாருக்கும் ஒரு சொத்துத் தகராறு இருக்கும்ல." அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். இப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆகிறது என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "கட்டுக்கதை எல்லாம் எதுக்கு, போலாம் போலாம்," என்று முன்னால் நடந்தார். ஒவ்வொரு இடத்திலும் போட்டோ எடுத்து அனுப்புவது இந்தச் சவாரியில் சேர்த்தியாம். டிரைவர் இருவரையும் ஜன்னலோரம் நிறுத்தி, "சிரிங்கம்மா, சார், நீங்களும்தான்," என்று எடுத்துக்கொண்டான்.

மணிக்கூண்டின் கீழே கடைகள் இருந்தன. காற்று சில்லென்று வீசியது. வீட்டுக்காரர் தானாகவே ஒரு கடைக்குள் போய், சிவப்பில் ஒரு கம்பளிச் சால்வை வாங்கிவந்து அவள் தோளில் போட்டார். பேரம்கூடப் பேசவில்லை. போடும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள். அங்கே கல்பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்த நேரத்தில், கூப்பிடுவதற்கு யாரும் இல்லாமல், ஓடிப்போய்ப் பார்ப்பதற்கு எதுவும் இல்லாமல், சூடான தம்ளரைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். சந்தோஷமாக இருந்தாள். அதை மறைத்துப் பேசி என்ன ஆகப்போகிறது? தம்பியின் ஞாபகமே அவளுக்கு அப்போது வரவில்லை.

காட்சிமுனையில் வண்டியை விட்டுவிட்டு, டிரைவர் தனக்கு ஒரு டீ சொல்லக் கடைப்பக்கம் போனான். அக்கா கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தபோது வீட்டுக்காரர் கைப்பிடிக் கம்பியோரம், முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். காற்று அவர் பேச்சை அப்படியே அவள் பக்கம் கொண்டுவந்து போட்டது.

"துண்ட மட்டும் புடுங்காதீங்க. அது கையில இருந்தா பேசாம வருவான்... ஆமா, மருந்துச் சீட்டு பைக்குள்ளயே இருக்கு... இல்ல, அவளுக்குத் தெரியாது."

அவர் திரும்பினார். அவள் நின்றுகொண்டிருந்தாள். போனைப் பையில் போட முயன்று, பை எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்போலச் சட்டையைத் தடவினார்.

"எங்க கூட்டிட்டுப் போறாங்க அவனை?"

"நல்ல இடம். நான் நேர்ல போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன். எதிர் மலைக்கு அந்தப் பக்கம். டாக்டர் இருக்காரு, தோட்டம் இருக்கு, இவனை மாதிரியே நிறையப் பேர்..."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"கேட்டா விடுவியா?" அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "நம்ம பையன் அடுத்த மாசம் கைக்குழந்தையோட வர்றான். உன் தம்பி வீட்ல இருந்தா வரமாட்டேன்னு உன் மருமக தெளிவா சொல்லிட்டா. பக்கத்து வீட்டுக் குழந்தையை அவன் தூக்கினப்போ தெருவே கூடுச்சே, மறந்துட்டியா?"

"படியில உருளப்போன குழந்தையைத் தூக்கினான்."

"உனக்கும் எனக்கும் தெரியும். அடுத்தவங்களுக்கு? சரி, நமக்கப்புறம்? அன்னைக்கு ராத்திரி நீதானே சொன்ன, எனக்கும் ஒரு நாளாவது மூச்சு விடணும், கண் காணாம எங்கயாச்சும் போகணும்னு?"

சொன்னாள்தான். அன்றைக்குத் தெரு முழுக்கத் திட்டிவிட்டுப் போனபிறகு, அவன் கட்டிலில் நனைத்த விரிப்பை அலசிக்கொண்டே சொன்னாள். ஆனால் அது சொல்கிற பேச்சு. வயிற்றெரிச்சலில் எந்தப் பொம்பளைதான் சொல்லமாட்டாள்? அதை எடுத்துப் பத்திரமாக வைத்திருந்து, வண்டி பிடித்து, சால்வை வாங்கிப் போர்த்தி, கதை கேட்கவைத்து, டீ வாங்கிக் கொடுத்து... பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். தொட்டிலில் தன்னையே போட்டு ஆட்டுவார்கள் என்று நினைக்கவில்லை. அவள் கல்பெஞ்சில் தம்ளரைக் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே கதவைத் தட்டியிருப்பார்கள். பக்கத்து வீட்டில் கொடுத்த சாவியும் அதற்கென்றே கொடுத்ததாகிவிட்டது.

"கண்ணு முன்னால நடந்தா நீ தாங்கமாட்ட. அதுக்குத்தான் இந்த ஏற்பாடு," என்றார்.

"அவன் எப்படி வண்டில ஏறினான்? யார் கூப்பிட்டாலும் போகமாட்டானே."

வீட்டுக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அக்காகிட்ட கூட்டிட்டுப் போறோம்னு சொன்னாங்களாம். தானாவே போய் ஏறிக்கிட்டானாம்."

அவள் அவரைத் தள்ளிக்கொண்டு கம்பியருகே போய்ப் பார்த்தாள். ஊர் மொத்தமும் காலடியில் கிடந்தது. தன் வீட்டு மாடியைக் கண்டுபிடித்தாள். கொடியில் காலையில் காயப்போட்ட தலையணை உறைகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. அங்கிருந்து சாலையைப் பிடித்துக்கொண்டே கண்ணை நகர்த்தினாள். பாலம், பள்ளிக்கூடம், பிறகு பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் எதிர்மலைமேல் ஏறும் ரோடு. அதில் ஒரு வெள்ளை வேன் போய்க்கொண்டிருந்தது. வளைவில் மறைந்து, அடுத்த வளைவில் வெளியே வந்தது. அதன் ஜன்னலிலிருந்து மஞ்சளாக ஒன்று சுழன்றுகொண்டிருந்தது.

"வண்டிய எடுக்கச் சொல்லுங்க. நாம அங்க போறோம்."

"போய்? திரும்பக் கூட்டிட்டு வந்து எங்க வச்சுக்குவ? நம்ம வீட்லயா? நம்ம பையன் வரவே வேண்டாமா? பேத்தி முகத்தைப் போன்லயே பாத்துக்கலாமா?" அவர் கண்கள் கலங்கியிருந்தன. அதைப் பார்க்கவும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுவதற்கும் முந்திக்கொண்டார் மனுஷன். தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு, தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒற்றை அறை ஒன்றுக்கு வாடகைக்குப் போவதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். அடுத்த கணமே பேத்தியின் முகம் குறுக்கே வந்தது. இதுவரை நேரில் பார்க்காத முகம். அது குறுக்கே வந்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

வேன் இன்னொரு வளைவில் வெளியே வந்தது. இப்போது பள்ளத்தாக்குக்கு நேர் எதிரே. மஞ்சள் மட்டுமல்ல, அதைப் பிடித்த கையும், வெளியே தொங்கிய பாதி உடம்பும் தெரிந்தன. துண்டு உச்சியைப் பார்த்துச் சுழன்றது, வீட்டைப் பார்த்து அல்ல. அக்கா மலை உச்சியில் இருக்கிறாள், மேலேயிருந்து கையாட்டுவாள், அவளிடம்தான் போய்க்கொண்டிருக்கிறோம் என்ற சந்தோஷம் அந்தச் சுழற்றலில் இருந்தது. அங்கே ரோட்டோரத்தில் தடுப்புச்சுவரும் இல்லை. எதிரே ஒரு லாரி இறங்கி வந்துகொண்டிருந்தது. வேனுக்குள் யாரோ அவன் இடுப்பைப் பிடித்து இழுப்பது தெரிந்தது. அவன் இன்னும் கொஞ்சம் வெளியே வந்தான்.

"ஐயோ, உள்ள போடா," என்றாள் அக்கா. இவள் முணுமுணுத்தது அங்கே எப்படிக் கேட்கும்?

பக்கத்தில் வந்து நின்ற வீட்டுக்காரரும் பார்த்துவிட்டார். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. "கையாட்டு," என்றார் மெதுவாக. "பாவம், விழுந்துடப் போறான். ஆட்டிடு."

ஆட்டினால் எல்லாம் சரி, திரும்பி வருவேன் என்று அர்த்தம். அந்த அர்த்தத்தைச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். லாரி அடுத்த வளைவுக்கு வந்துவிட்டது. அக்கா சிவப்புச் சால்வையை உருவினாள். இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கி, காற்று பிடுங்கிக்கொண்டு போகாமல் இறுக்கிப் பிடித்து, ஆட்டினாள்.

எதிர்மலையில் மஞ்சள் ஒரு நொடி நின்றது. பிறகு ஒரே ஒரு பெரிய வட்டம் போட்டுவிட்டு, சமர்த்தாக ஜன்னலுக்குள் போய்விட்டது. லாரி உரசினாற்போலக் கடந்தது. வேன் திரும்பியது. அதற்குமேல் அந்த மலையில் வளைவு இல்லை.

அவள் கை நிற்கவில்லை. வெறும் மலையைப் பார்த்து ஆட்டிக்கொண்டேயிருந்தாள். ஒரு கையில் டீயும் மறு கையில் போனுமாக வந்த டிரைவர், நல்ல வெளிச்சம், சிவப்புச் சால்வை, பின்னால் மலை என்று பார்த்ததும் தம்ளரைச் சுவர்மேல் வைத்துவிட்டு ஓடிவந்தான்.

"அப்படியேம்மா, கையை இறக்காதீங்க," என்று சொல்லி, கொஞ்சம் பின்னால் நகர்ந்து எடுத்துக்கொண்டான்.