முல்லைக்குப் போட்ட யூரியா

கிருபாசங்கர் எழுந்தான். பல் துலக்கினான். பால் பாக்கெட்டை வெட்டி அடுப்பில் வைத்தான். காப்பியைக் கலந்து நின்றுகொண்டே குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். மனைவி மோகனப்பிரியா பங்குனியில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததிலிருந்து காலை இப்படித்தான் நடக்கிறது. அதில் சுகமும் இல்லை, துக்கமும் இல்லை.

பின்கதவைத் திறந்தான்.

கிணத்துக்கடவில் அடைமழை ஓய்ந்தும் புழக்கடை காயவில்லை. பிரியா வைத்த முல்லை பந்தலோடு சாய்ந்து, இலை மஞ்சளாகித் தொங்கியது. சத்துக் குறைவு என்று நேற்றுக் காலை யூரியாவை ஒரு கை அள்ளிப் போட்டிருந்தான். இப்போது யூரியாவும் இல்லை, அது கிடந்த மேல்மண்ணும் இல்லை. கொடியில் பாதியை யாரோ நறுக்கியிருந்தார்கள். தண்ணீர் வேலிப் பக்கம் ஓட ஒரு வாய்க்கால் புதிதாக வெட்டியிருந்தது.

பக்கத்து வீட்டு நாச்சியம்மாளா? அவள் பூவைப் பறிப்பாள், கொடியை வெட்டமாட்டாள். சேற்றில் ஒரு சின்னச் செருப்புத் தடம் பக்கவாட்டுக் கேட்டை நோக்கிப் போனது. அந்தப் பக்கம் அடுத்த தெருவில்தான் மாமனார் வீடு.

அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததாக நினைத்தான்.

ஆவணியிலிருந்து மாமியார் காளியாத்தாளுக்கு ஒரே பேச்சு. "சாகறப்பப் பிரியா சொன்னதுங் மாப்ள. 'எந்தங்கச்சி அவரக் கட்டிக்கோணும்'னு. செத்தவ வாக்க மீறலாமுங்ளா?" அக்காள் போனால் தங்கையைக் கொடுப்பது அந்தக் குடும்பத்தில் புதிதல்ல. சாயங்காலம் உறவுக்காரர்கள் பதில் கேட்டு வருகிறார்கள். பிரியா நிஜமாகவே சொல்லியிருந்தால் அவனால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அவள் உயிர் பிரியும்போது அவன் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் மருந்து வாங்க நின்றிருந்தான். பக்கத்தில் இருந்தவள் தங்கை நித்யஸ்ரீ மட்டும்தான். ஆகவே, கதை கட்டியவளும் அவளாகத்தான் இருக்க வேண்டும். முதலில் செடி, அப்புறம் அடுக்களை, தையில் முகூர்த்தம்.

வேலைக்குப் போவது போலக் கிளம்பி, வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்தே திரும்பி வந்தான். அடுக்களை ஜன்னலோரம் சத்தமில்லாமல் உட்கார்ந்தான்.

கேட் கிரீச்சிட்டது. நித்யா வந்தாள். பூந்தொட்டிகளைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தாள். பந்தல் காலை நிமிர்த்திக் கயிற்றால் இழுத்துக் கட்டினாள். சொந்த வீடு போலத்தான் வேலை செய்தாள்.

கிருபாசங்கர் வெளியே வந்தான். "ஏம்மணி, யாரக் கேட்டு வெட்டுன?"

"ஐயோ! நீங்க வேலைக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சனுங் மாமா."

"அதத்தான் கேக்கறேன். நான் போனதுக்கப்பறம் எதுக்கு வர்ற?"

"இருந்தா வெட்ட உடுவீங்ளா? வேரு பாதி அழுகிப்போச்சுங். முழுக் கொடிய அது எப்புடித் தாங்கும்? அதுல யூரியா வேற. காச்சக்காரனுக்குப் பிரியாணி போட்டாப்ல." அவன் காலைப் பார்த்தாள். "சேத்த மிதிக்காதீங்க, மண்ணு இறுகிப்போகும். அந்தக் கல்லு மேல நில்லுங்."

அவன் கல் மேல் ஏறி நின்றான். தோற்றுப்போன மாதிரி இருந்தது. அந்தக் கோபத்தில் கேட்டான். "செடியோட நிறுத்திக்குவியா, ஊட்டையும் புடிக்கப் போறியா?"

கயிறு அவள் கையில் அப்படியே நின்றது.

"எங்கம்மா சொல்றத நம்பிட்டீங்ளா?"

"நீ சொல்லாம அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் சொல்லலீங். அக்காவும் அப்படி ஒண்ணும் சொல்லலீங். அம்மாவா சோடிச்சது. அப்படி இல்லைன்னு சொன்னா, 'செத்தவ பேர்ல பொய் சொல்றியா'ன்னு என்னையே வையறாங்க."

"பொறகு இத்தன மாசமா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஊரே கேட்டுச்சுங் மாமா, அக்கா கடைசியா என்ன சொன்னான்னு. நீங்க ஒருத்தர்தான் கேக்கல." கயிற்றை முடிந்தாள். "எனக்கு உங்களக் கட்டிக்க இஷ்டமில்லீங். தப்பா நெனச்சுக்காதீங்க. சாயங்காலம் நீங்களும் அதையே சொல்லிப்போடுங்க."

அவள் முகத்தில் பொய்யைத் தேடினான். சேறுதான் இருந்தது, கன்னத்தில் ஒரு கோடு. பங்குனியிலிருந்து தொண்டைக்குள் கிடந்த கேள்வி அவனைக் கேட்காமலே வெளியே வந்தது.

"என்ன சொன்னா?"

"நெசமாச் சொல்லட்டுங்ளா? பெருசா ஒண்ணுமில்லீங்."

"சொல்லு."

நித்யா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அக்காள் பேசுவது போலவே, கொஞ்சம் சலித்துக்கொண்டு சொன்னாள்.

"'கீழ போன மனுசன இன்னுங் காணம். வர்றவனையெல்லாம் முன்னால உட்டுப்போட்டுக் கடைசியா நின்னுட்டிருப்பாரு. மருந்தும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், அவரக் கூட்டிட்டு வாடி.'"