இறக்குமதியான ஏகாம்பரம்

அந்தச் சுத்திகரிப்பு ஆலையில் பதவி உயர்வெல்லாம் கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரிக்கும் வடிகோபுரம் வழியாகத்தான். இறக்குமதிச் சரக்கை மட்டுமே அதில் ஏற்றுவார்கள். துணை மேலாளர் ஏகாம்பரம் பக்கத்து மீஞ்சூர்க்காரர். ஆகவே கப்பலேறி, கரை மறையும்வரை போய், கச்சா எண்ணெயோடு திரும்பி வந்து இறங்கினார்.

துறைமுகத்தில் நாதஸ்வரம் வாசித்தார்கள். பொது மேலாளர் பொன்னாடை போர்த்தி, பயணம் சௌகரியமாக இருந்ததா என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். காலையில் இருவரும் ஒன்றாக டீ குடித்தவர்கள்.

ஆய்வகத்தில் ஹம்சவேணி அவரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, அடர்த்தி பார்க்கும் மிதவையைப் போட்டாள். அது நேராக அடியில் போய் உட்கார்ந்தது.

"கந்தகம் கம்மிதான். ஆனா ரொம்ப லேசா இருக்கீங்க சார்."

"எங்க வட்டாரத்துல நான் கனமான ஆளும்மா."

"மிதவைக்கு அது தெரியாது சார். லேசான சரக்கு மேல போயிடும்."

"அதுக்குத்தானே வந்திருக்கேன்."

"ரொம்ப மேல போனா பிடிச்சு வைக்கத் தொட்டி கிடையாது. கோபுரத்துல ஏதாச்சும் ஒரு தட்டுல எறங்கிக்குங்க."

முதலில் உப்பைக் கழுவினார்கள். வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் வியர்த்ததெல்லாம் அதோடு போயிற்று. பொன்னாடையைக் கழற்ற மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. உலையில் சூடேற்றினார்கள். ஆவியானார்.

கோபுரத்தின் அடியில், தாராகத் தங்கிவிட்ட தணிக்கை அதிகாரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். டீசல் தட்டில் தேவசகாயம். ஏகாம்பரத்தோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார்.

"ஏகா, எறங்கு. லாரி, பஸ்ஸுன்னு இங்க வேலை நெறைய இருக்கு."

"வேலை இருக்குற எடத்துல என்னடா மரியாதை?"

பெட்ரோல் தட்டில் ஏசியும் சுழல் நாற்காலியும் இருந்தன. நாற்காலிக்கும் மேலே ஒரு குழாய் போனது. அவர் உட்காரவில்லை.

இப்போது, வேண்டாத வாயுவைக் கொளுத்திவிடும் நெடுங்குழாயின் நுனியில் ஏகாம்பரம் எரிந்துகொண்டிருக்கிறார். பொன்னாடையில் ஜரிகை இருந்த ஓரம் மட்டும் பச்சையாக எரிகிறது. கீழே பொது மேலாளர் அண்ணாந்து பார்க்கிறார். நெற்றியில் கை வைத்திருக்கிறார். சல்யூட்டா, கண் கூசுகிறதா, தெரியவில்லை.

குடியிருப்பின் மொட்டைமாடியில் மனைவி நவநீதம் பக்கத்து வீட்டுக்காரிக்குக் காட்டுகிறாள்.

"அதோ, அவருதான்க்கா. அவருக்கு மேல யாருமே இல்ல."

"வூட்டுக்கு எப்ப வருவாரு?"

"அவ்ளோ பெரிய போஸ்ட்டுல எறங்கி வர முடியாதாம்."

ஏகாம்பரம் கையசைக்கிறார். ஜுவாலை மாடிப் பக்கம் சாய்கிறது. நவநீதம் கொடியில் கிடந்த ஈரச் சேலையை எடுத்து, அவர் பக்கமாகத் திருப்பிப் போடுகிறாள்.