என் கணவரைப் பற்றித் தேடியவர்கள்

என் கணவர் தமிழ்மாறன் வாடிப்பட்டியில் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டமன்றத் தேர்தலில், வாடிப்பட்டியை ஒட்டிய பொதுத் தொகுதியில் சுயேச்சையாக நின்றார். சின்னம் வாளி. அந்தப் பக்கத்து ஊர்களில் பொழுது சாய்ந்த பிறகு ஒரு மாடு கன்று போட முடியாமல் தவித்தால் பார்க்க ஆளில்லை. அதற்கொரு ஆஸ்பத்திரி வேண்டும் என்பதைத் தவிர அவரிடம் வேறு கொள்கை கிடையாது. திருநகர் வீட்டில் நானும் அவரும்தான். தோற்றால் தோற்கட்டும் என்றுதான் இருந்தோம், என் தம்பி அருள்பாண்டி லேப்டாப்போடு வந்த ஞாயிற்றுக்கிழமை வரை.

அவன் ஒரு விளம்பரக் கம்பெனியில் இருக்கிறான். மதுரைக்காரர்கள் கூகுளில் எதைத் தேடுகிறார்கள் என்று பார்ப்பது அவன் வேலை. எந்தப் படத்துக்குக் கூட்டம் வரும், எந்தக் கடை பிரியாணிக்கு மவுசு ஏறுகிறது என்று முன்கூட்டியே சொல்லுவான். போன தேர்தலில் அவன் ஜெயிப்பார்கள் என்று சொன்ன நாலு பேரில் மூன்று பேர் ஜெயித்தார்கள்.

“மாமா, இங்க பாருங்க. போன வாரம் வரைக்கும் தரையில படுத்துக் கிடந்த கோடு, இப்ப யானைமலை மாதிரி நிக்குது. உங்க பேரு மாமா!”

“அந்தப் பேருல வேற எவனாச்சும் இருப்பான் மாப்ள.”

“‘மாட்டு டாக்டர்’னு சேத்துல்ல தேடுறாங்க! இம்புட்டுப் பேருல கால்வாசி ஓட்டா விழுந்தாலும் போதும்.”

அவர் சிரித்தார். ஆனால் நம்பிவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. “என்னையப் பத்தி என்னதான் தேடுறாங்க?” என்று கேட்டார்.

“அது கீழ வரிசையா வரும். அக்கா பாத்துச் சொல்லும்” என்று எனக்கு அதைப் பார்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனான்.

மறுநாள் அவர் பிரச்சாரத்துக்குப் போன பிறகு பார்த்தேன். முதல் வரி: தமிழ்மாறன் டாக்டர் என்ன சாதி. இரண்டாவது, சொந்த ஊர். மூன்றாவது, அப்பா பெயர். மூன்றும் ஒரே கேள்விதான். பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. வாடிப்பட்டிக்கு அவர் மாற்றலாகி வந்ததும் கடைசி நாலு வருடம்தான். சிலருக்குத் தெரியும். பலருக்கு, மாடு பிழைத்தால் போதும் என்று கேட்கத் தோன்றியிருக்காது. ஓட்டுக் கேட்டு வந்ததும் தோன்றிவிட்டது. ஆஸ்பத்திரி என்ற சொல் அந்த வரிசையில் எங்கேயும் இல்லை.

சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல், “என்ன தேடுறாங்களாம்?” என்றார்.

“ஆஸ்பத்திரி எப்ப வரும்னுதான்” என்றேன்.

மிச்சமிருந்த ஒன்பது நாளும் ஆஸ்பத்திரியைப் பற்றியே பேசினார். நோட்டீஸைக்கூட மாற்றி அடித்தார். ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்: “ஒரு பெருசு, ‘சொந்த ஊரு எது, எந்தத் தெரு’ன்னு நோண்டுது மீனா. ஒத்த ஆளுக்காக நின்னு பேச முடியுமா? மத்தவங்க ஆஸ்பத்திரியத்தான கேக்குறாங்கன்னு வந்துட்டேன்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ரசம் ஊத்தவா என்று கேட்டேன்.

விழுந்தது எண்ணூற்று நாற்பத்து மூன்று ஓட்டு. முடிவு வந்த அன்று மாலை அருள்பாண்டி வந்தான். “கோட்டப் பாத்து ஏமாந்துட்டேன் மாமா. கீழ என்ன கேட்டுருக்காங்கன்னு இன்னைக்குத்தான் பாத்தேன். ஏக்கா, நீ பாக்கலையா?”

அவர் என் பக்கம் திரும்பினார். “பாத்தியா மீனா?”

“பாத்தேன். உங்க மனசு நோகுமேன்னு…”

“பொறந்ததுலருந்து கேக்குற கேள்விதான, எனக்கா நோகும்?” என்றார். “மத்த நேரமெல்லாம் முதுகுக்குப் பின்னாடி கேப்பாய்ங்க. இந்தத் தடவ என் கையில மைக் இருந்துச்சு. இன்னாரு மகன், இன்ன தெருன்னு நானே சொல்லிட்டு ஓட்டுக் கேட்டிருப்பேன். அப்பவும் எண்ணூறுதான் விழுந்திருக்கும். விழுந்துட்டுப் போகுது.”

அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவருக்காக மறைத்ததாக நினைத்திருந்தேன். சொல்லக் கூசியவள் நான்தான்.

ஆவணியில் ஒரு காலை, பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து இருபது பேர் போல மாலையோடு வந்தார்கள். அழுதார்கள். பொய்யழுகை இல்லை. அவர்களில் சோணைமுத்து என்ற விவசாயியின் பசுவை என் கணவர் இரண்டு முறை பிழைக்க வைத்திருக்கிறார். வெளியே வேன் வந்து நின்றதும் சோணைமுத்து என்னருகே குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“அய்யாவ எங்கம்மா கொண்டு போறீங்க?”

நான் எழுந்து நின்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

“டி. கல்லுப்பட்டிப் பக்கத்துல எங்க ஊருக்கு. காலனி சுடுகாட்டுக்கு. அவரு காலனி மேலத்தெரு ஒச்சம்மாள் மகன். வர்றவங்க வேன்ல ஏறுங்க.”

சிலர் செல்போனை எடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் பால் கறக்க நேரமாகிவிட்டது என்றார். அப்போது மணி பதினொன்று. சோணைமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய் வேனில் உட்கார்ந்தார். அவரோடு சேர்த்து ஏழு பேர் ஏறினார்கள்.

அன்று மைக்கில் அவரே சொல்லியிருந்தால் எத்தனை பேர் ஏறியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.