பத்து வரை எண்ணுகிறவன்

அடித்தவனுக்கும் அடிபட்டவளுக்கும் கோபத்தை அடக்க ஒரே பயிற்சி வகுப்பு, பக்கத்துப் பக்கத்து நாற்காலி. குழந்தைகள் நல அலுவலகத்தின் ஏற்பாடு அப்படி. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் அவள் அந்த வகுப்பிலிருந்து பாதியிலேயே எழுந்து வந்துவிட்டாள். வேன் ஓட்டும் அவள் புருஷனோ கடைசி வரை உட்கார்ந்து பயிற்சியாளரின் செல்லப்பிள்ளையாகிவிட்டான். ஆகவே இன்றைய கூட்டத்தில் குற்றவாளி அவள்தான்.

வகுப்பு தொடங்கிச் சில வாரத்தில் அவளுடைய அக்கா வீட்டில் விடப்பட்ட அவர்களின் ஆறு வயது மகள், அந்த வாண்டு, திரும்பி வருவாளா, மாட்டாளா என்று இன்று முடிவாக வேண்டும்.

"ரெண்டு பேரும் வகுப்பை முடிச்சு ஒரே வீட்டுல இருந்தாத்தான் குழந்தையைத் தர முடியும்," என்றார் அதிகாரியம்மா. "அவர் முடிச்சிட்டார். நீங்கதான் முரண்டு பிடிக்கிறீங்க."

"கோபத்தை அடக்குற பாடம் எனக்கு எதுக்கு மேடம்? நான் யாரை அடிச்சேன்?"

அதிகாரியம்மா பயிற்சியாளரைப் பார்த்தார். நல்ல மனுஷன்தான் அவர். ஆனால் கையில் இருப்பது ஒரே மருந்து, வருகிறவருக்கெல்லாம் அதுவே. கோபம் வந்தால் பத்து வரை எண்ணுங்கள். புருஷன் அதைச் சிரத்தையாகக் கற்றுக்கொண்டான். வீட்டில் குழந்தை இருக்கும்போதே வாய்விட்டு, நிதானமாக எண்ணுவான். பத்து வந்ததும் அடிப்பான். முன்பெல்லாம் அடி திடீரென்று விழும். பிறகு காத்திருந்து வாங்க வேண்டியதாயிற்று. இதை வகுப்பில் சொன்னபோது பயிற்சியாளர், "எண்ணுறாரில்ல? அதுவே முன்னேற்றம்தாம்மா," என்றார். அன்றைக்குத்தான் அவள் எழுந்து வந்தாள். அதில் அவளுக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது.

"விடுங்க மேடம், அவளுக்கு வாய் ஜாஸ்தி," என்றான் புருஷன் தேனொழுக.

"வாய் இருக்கிறதாலதான் உயிரோட இருக்கேன்."

அவன் புன்னகைத்துக் கண்களை மூடிக்கொண்டான். "ஒன்னு… ரெண்டு…" பயிற்சியாளர் தலையாட்டி ரசித்தார்.

மூலையில் பெரியம்மா பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருந்த வாண்டு, கிரையானை வைத்துவிட்டு எழுந்தாள். நேரே போய் ஜன்னலைச் சாத்தினாள். எட்டாத கொக்கியை எம்பி மாட்டினாள். திரையை இழுத்துவிட்டாள். அழவில்லை, யார் முகத்தையும் பார்க்கவில்லை. தினசரி வேலை மாதிரி எல்லாவற்றையும் முடித்துவிட்டு, மேசைக்கடியில் புகுந்து காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஆறு…" கண்ணைத் திறந்தவன் அறை இருட்டியிருப்பதைப் பார்த்து நிறுத்தினான். பயிற்சியாளரின் தலையாட்டல் அதற்கு முன்பே நின்றிருந்தது.

அதிகாரியம்மா குனிந்து, குழந்தையின் கையை மெல்ல விலக்கினார். "ஜன்னலை ஏம்மா சாத்தினே?"

"பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்ல. அப்பா திட்டுவாங்க."

தாய் நாற்காலியை விட்டு எழுந்தாள். கல்யாணமான நாளிலிருந்து 'நீங்க' என்றே கூப்பிட்டுவந்தவனைப் பார்த்துச் சொன்னாள்: "எண்ணு. ஏன் நிறுத்திட்டே? மேடம் முன்னாடியே எண்ணி முடி."

அவள் அதிகாரியம்மா பக்கம் திரும்பினாள்.

"அவருக்குத் தனியாப் பாடம் வைங்க மேடம். எண்ணுறதைப் பத்தி இல்ல, அடிக்கிறதைப் பத்தி. இந்தப் புள்ளைய என்ன பண்ணி வெச்சிருக்கார்னு அவருக்கு உறைக்கிற வரைக்கும் நடத்துங்க. அதுக்காக என் புள்ளைய அடமானம் வெச்சுக்காதீங்க."

அதிகாரியம்மா மேசைக்கடியில் இன்னொரு தரம் பார்த்தார். பிறகு புருஷனிடம், "நீங்க வெளியே இருங்க," என்றார். அவன் போனதும் தாயின் பக்கம் திரும்பி, "உங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க. அவர் இப்போதைக்கு உங்க வீட்டுக்கு வர மாட்டார்," என்றார்.

அவள் முதலில் திரையை விலக்கினாள். கொக்கியைத் தட்டிவிட்டு ஜன்னலை அகலத் திறந்தாள்.

"அம்மா, தெருவுக்கெல்லாம் கேட்கும்," என்றது மேசைக்கடியிலிருந்து குரல்.

"கேட்கட்டும்டி," என்றாள்.