ஓட்டுக்கு முன்னால் சோறு

மலேசியாவின் கிள்ளானில் அந்த அடுக்குமாடிக்குக் குடியிருப்போர் சங்கம் என்று ஒன்று வந்தே மூன்று வருடம்தான் ஆகிறது. வருடம் தவறாமல் தேர்தல். வருடம் தவறாமல் தலைவர், அரசாங்கத்தின் டத்தோ பட்டம் வாங்கிய ராதாகிருஷ்ணன்தான். மனிதர் குடியிருப்பது என்னவோ பணக்காரர்கள் வாழும் பங்சாரில். இங்கே ஏழெட்டு வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கிறார். கூட்டத்துக்கு முன்னால் எல்லோருக்கும் வடை பாயசத்தோடு விருந்து போடுவார். பிறகு ஆங்கிலத்தில் நீளமாகப் பேசிவிட்டு, எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்பார். அவர் சோற்றை வயிற்றில் வைத்துக்கொண்டு யார் தூக்குவது?

அவர் ஆட்சியில் கீழ்த்தளத்து மண்டபத்தில் வீணை கேட்கலாம், உறுமி கேட்கக் கூடாது. டீசன்ட் இல்லையாம். பள்ளி வேன் ஓட்டும் குமுதாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. பெண்கள் உறுமிக் குழு நடத்துகிறவள் அவள். கார் நிறுத்துமிடத்தில் கொசுக்கடியோடு பயிற்சி செய்து அலுத்துப்போய், இந்தத் தடவை தலைவர் பதவிக்குத் தானே நின்றாள்.

பக்கத்து வீட்டு முத்து பீவி உதட்டைப் பிதுக்கினார். "எல்லாரும் ஒன் பக்கம்தான்லா. ஆனா அவரு சாப்பாட்டச் சாப்பிட்டுட்டு எதுத்து நிக்க மனசு வராதே."

"அப்ப நம்ம சாப்பாட்டச் சாப்பிடுவோம், அக்கா."

ஞாயிற்றுக்கிழமை டத்தோவின் சாப்பாட்டு லோரி வருவதற்குள் மண்டபமே மணத்தது. பீவியின் பிரியாணி, குமுதாவின் நண்டுப் பிரட்டல், மூன்றாம் மாடி மலாய்க்காரர்களின் ரெண்டாங் இறைச்சிக் கறி. வீட்டுக்கு ஒரு சட்டி வந்திருந்தது. டத்தோவின் முகம் சுருங்கிவிட்டது. பந்தி முடியக்கூடப் பொறுக்காமல் ஓட்டெடுப்பை ஆரம்பித்தார்.

"குமுதாவுக்கு யாரெல்லாம்?"

மளமளவென்று கைகள் எழுந்தன. அத்தனையும் இடக்கை. வலக்கைகள் பிரியாணியில் இருந்தன.

"இடது கையா? சபை மரியாதை தெரியாது?" என்றார் டத்தோ.

"கழுவிட்டு வரோம், டத்தோ. திரும்ப எண்ணுங்க," என்றார் பீவி.

கழுவிவிட்டு வந்து வலக்கையைத் தூக்கினார்கள். ஒரு கையும் குறையவில்லை. முதல் தடவை இரண்டு கையாலும் நண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்கள் வேறு இப்போது சேர்ந்துகொண்டார்கள்.

குமுதாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உறுமியை எடுத்துவரப் பெண்கள் ஓடினார்கள். டத்தோ வாசலில் கார்ச் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, பாவம். குமுதா ஒரு தட்டு நிறையப் பிரியாணி வைத்து அவரிடம் நீட்டினாள்.

"சாப்பிடுங்க, டத்தோ. ஓட்டுதான் முடிஞ்சிருச்சே, இனிமே பயமில்லாம சாப்பிடலாம்."